கீபோட்டில் வயலின் கேட்க வேண்டுமென்றால்

ஆசிரியருக்கு வணக்கம்,

வன்னியில் இப்போது கீபோட் இல்லாமல் ஒரு விழா நடப்பதில்லை. வற்றாப்பளைப் பொங்கல் நாட்களில் அக்கம்பக்கத்தில் நடக்கும் இசை நிகழ்ச்சிகள், மடுத் திருவிழாவுக்குப் பழகுகிற பாடகர் குழுக்கள், பள்ளிக்கூடத்து ஒளிவிழா, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இருந்து பெடியள் தாங்களே எழுதி இசையமைத்து யூரியூப்பில் போடுகிற பாட்டுகள் என்று எல்லாவற்றிலும் ஒரு கீபோட் இருக்கிறது, அதில் பாதி நேரம் ஒலிப்பது ஸ்ட்ரிங்ஸ்தான், அதாவது பல வயலின்கள் சேர்ந்து வாசிப்பது போன்ற சத்தம்தான். பாடுகிற பிள்ளையின் குரல் நன்றாக இருக்கும், தபேலா நன்றாக இருக்கும், பின்னால் வருகிற வயலின் கூட்டம் மட்டும் ஏற்றமும் இல்லாமல் இறக்கமும் இல்லாமல் ஒரே மட்டத்தில் ஓடிக்கொண்டிருக்கும். மாங்குளம் பக்கம் சேர்ச்சிலும் கலியாண வீடுகளிலும் வாசிக்கிறவன் என்ற முறையில் இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத விரும்புகிறேன், தயவுசெய்து வெட்டாமல் போடுங்கள்.

கீபோட் வாங்கப் போகிறவர்கள் வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ கடைக்குள் போனதும் கேட்கிற முதல் கேள்வி இதில் எத்தனை சவுண்ட் இருக்கிறது என்பதுதான். கடைக்காரரும் எண்ணூறு ஆயிரம் என்று சொல்லி, உள்ளே ஏற்றி வைத்திருக்கிற டெமோவைப் போட்டுக் காட்டுவார். அந்த டெமோவை நம்ப வேண்டாம். அது அந்தக் கீபோட்டின் நல்ல சத்தங்களுக்கென்றே அளந்து செய்த பாட்டு, குறைகள் அதில் வெளியே வராது. ஸ்ட்ரிங்ஸ் உங்களுக்கு முக்கியமென்றால் ரிவேர்பை, அதாவது கீபோட் சேர்க்கிற எதிரொலியை, நிறுத்திவிட்டு, ஒரு விரலால் ஒரே ஒரு கட்டையை அழுத்திப் பத்து விநாடி அப்படியே பிடித்துக்கொண்டு கேளுங்கள். உண்மையான வயலினைப் பதிவு செய்து, அதில் ஒரு சின்னத் துண்டைத் திரும்பத் திரும்ப ஓட விடுகிறார்கள். அந்தச் சுற்று மலிவாகச் செய்யப்பட்டிருந்தால் மூன்று நான்கு விநாடியிலேயே ஊம் ஊம் என்று ஒரு துடிப்பு தெளிவாகக் காதில் விழும். பிறகு அதே கட்டையை எட்டுத் தரம் வேகமாக அடித்துப் பாருங்கள். எட்டும் அச்சில் வார்த்தது போல ஒரே மாதிரிக் கேட்டால், வேகமான இடங்களில் அது இயந்திரத் துப்பாக்கி மாதிரித்தான் கேட்கும். நல்ல சாம்பிளர்களில், அதாவது பதிவு செய்த சத்தத்தை ஒலிக்கிற கருவிகளில், ஒரே சுரத்துக்கு இரண்டு மூன்று தனித்தனிப் பதிவுகள் வைத்து, ஒவ்வொரு அடிக்கும் மாற்றி மாற்றி எடுக்கும்படி செய்திருப்பார்கள். கடைசியாக, கீழிருந்து மேலே ஒவ்வொரு கட்டையாக மெதுவாகப் போங்கள். ஒரு பதிவை நாலைந்து கட்டைக்கு இழுத்து நீட்டியிருந்தால் ஒரு இடத்தில் திடீரென்று சத்தத்தின் நிறம் மாறும். இவ்வளவுக்கும் ஐந்து நிமிடம் போதும், கடைக்காரர் முகத்தைச் சுளித்தாலும் செய்யுங்கள்.

இந்தக் குறை நேற்று வந்ததும் இல்லை. இங்கிலாந்தில் 1963இல் வந்த மெல்லோட்ரோன் என்ற கீபோட்டில் ஒவ்வொரு கட்டைக்கும் கீழே வயலின் பதிவு செய்த ஒரு நாடா இருந்தது, சுமார் எட்டு விநாடியில் நாடா முடிந்துவிடும், விரலை எடுத்து மறுபடி வைக்க வேண்டும். 1974இல் வந்த சொலினா என்ற ஸ்ட்ரிங்ஸ் கீபோட்டில் உண்மை வயலின் எதுவுமே கிடையாது, மின்சுற்று எழுப்புகிற சத்தத்தைச் சற்றே அலைய விட்டுப் பல பேர் வாசிப்பது போலக் காட்டினார்கள். 1988இல் கோர்க் எம்1 என்ற கீபோட் வந்தபோது பியானோ, ட்ரம்ஸ், ஸ்ட்ரிங்ஸ் எல்லாப் பதிவுகளும் சேர்த்து 4 எம்பிக்குள் அடங்கின, இன்று நாங்கள் வட்ஸ்அப்பில் அனுப்புகிற ஒரு வீடியோ அதைவிடப் பெரிது. 2010இல் கணினிக்கென்று வந்த ஹொலிவூட் ஸ்ட்ரிங்ஸ் என்ற பதிவுத் தொகுப்பின் பெரிய பதிப்பு 300 ஜிபி அளவில் இருக்கிறது. இவ்வளவு வளர்ந்த பிறகும் கட்டையை அழுத்திவிட்டுச் சும்மா இருப்பவருக்கு வயலின் கிடைப்பதில்லை. பியானோவில் சுத்தியல் கம்பியில் பட்டதோடு வாசிப்பவரின் வேலை முடிந்துவிடும், அதற்குப் பிறகு சத்தம் தானாகத் தேயும். வயலினில் வில் கம்பியில் இருக்கும்வரை கை வேலை செய்துகொண்டே இருக்கும், ஒரே சுரத்துக்குள்ளேயே சத்தம் மெதுவாகத் தொடங்கி ஏறி இறங்கும். அந்தக் கை வேலையைக் கீபோட்டில் யாராவது செய்ய வேண்டும்.

அதற்கு வழி இருக்கிறது. இடது பக்கத்தில் மொடுலேஷன் வீல் என்ற உருட்டுகிற சில்லு இருந்தால் அதை, இல்லையென்றால் காலால் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற எக்ஸ்பிரஷன் பெடலை, ஸ்ட்ரிங்ஸ் வாசிக்கும் நேரம் முழுவதும் அசைத்துக்கொண்டே இருங்கள். கணினியில் ஓடுகிற பெரிய நூலகங்களில், அதாவது இப்படிப்பட்ட பதிவுத் தொகுப்புகளில், இந்த வீல்தான் மெல்லிய பதிவிலிருந்து உரத்த பதிவுக்கு மாற்றுகிறது, கட்டையை எவ்வளவு பலமாக அடித்தாலும் நீண்ட சுரங்களில் பெரிதாக ஒன்றும் மாறாது. சாதாரணக் கீபோட்களில் வீல் அனேகமாக அதிர்வை மட்டும்தான் கூட்டும், அங்கே எக்ஸ்பிரஷன் பெடல்தான் உதவும். வாங்கும்போது கவனிக்க வேண்டிய ஒரு விஷயம், விரலை எடுத்த பிறகும் சத்தத்தை நீட்டுகிற, மலிவாகக் கிடைக்கிற சஸ்டெயின் பெடல் இதற்கு உதவாது, அது போடுவதும் நிறுத்துவதும் மட்டும்தான். அந்த சஸ்டெயின் பெடலை ஸ்ட்ரிங்ஸோடு மிதிக்கவே வேண்டாம் என்று நான் படிப்பிக்கிற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். பியானோவுக்குப் பழகிய கால் தானாகப் போய் மிதிக்கிறது, முந்தின சுரம் அடங்காமல் அடுத்த சுரத்தில் ஏறிக் குழம்பி நிற்கிறது.

அடுத்தது கைகளில் எதைப் பிடிப்பது என்பது. முழு அளவிலான ஒரு ஒர்க்கெஸ்ட்ராவில் வழமையாக 16 முதல் வயலின், 14 இரண்டாம் வயலின், 12 வயோலா, 10 செலோ, 8 டபுள் பேஸ் இருக்கும். நாங்கள் பதினாறு பேரைப் பதிவு செய்த சத்தத்தை வைத்துக்கொண்டு இரண்டு கையாலும் எட்டுக் கட்டையை அழுத்தினால் நூற்று இருபத்தெட்டுப் பேர் ஒன்றாக வாசிக்கிறார்கள் என்று ஆகிறது, பிறகு பாட்டு எங்கே கேட்கும்? மூன்று சுரம், கூடினால் நாலு சுரம் போதும், அதையும் நெருக்கிப் பிடிக்காமல் கீழே அகலமாகவும் மேலே நெருக்கமாகவும் விரித்துப் பிடியுங்கள். சேர்ச்சில் நாலு குரலில் பாடுகிறவர்களுக்கு இது மிகச் சுலபம், பேஸ் பாடுவதைச் செலோவுக்கும், டெனர் பாடுவதை வயோலாவுக்கும், மேல் இரண்டு குரலையும் வயலினுக்கும் கொடுத்தால் வேலை முடிந்தது. வயலினின் அடிக்கம்பி நடு ‘சி’க்குக் கீழே உள்ள ‘ஜி’யோடு நின்றுவிடும், அதற்குக் கீழே வயலின் சத்தத்தில் வாசித்தால் எந்தக் கீபோட்டிலும் பொய்யாகத்தான் கேட்கும். இன்னொன்று, மெதுவாக எழும்புகிற ஸ்ட்ரிங்ஸை வேகமான பாட்டுக்குப் போட்டால் தாளத்துக்குப் பிந்தி வரும், அப்போது வெட்டி வாசித்த ஸ்டக்காட்டோ சத்தத்துக்கு மாறிவிடுங்கள்.

கணினியில் இசையமைக்கிற தம்பிமாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பெரிய நூலகங்களைக் களவுப் பிரதியாக ஹார்ட் டிஸ்க்கில் கைமாற்றிக் கைமாற்றி வைத்திருக்கிறீர்கள், நாலு ஜிபி ரேம் உள்ள லப்டொப்பில் அது திக்கித் திணறுகிறது, பாதி நேரம் திறக்கவே திறக்காது. அந்தப் பதிவுக்காக வில் பிடித்தவர்களும் எங்களைப் போன்ற இசைக் கலைஞர்கள்தான், அவர்களுடைய உழைப்பை எடுத்து எங்கள் பாட்டில் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதற்குத் தேவையும் இல்லை. பிபிசி சிம்பொனி ஒர்க்கெஸ்ட்ராவை லண்டன் மெய்டா வேல் ஸ்ரூடியோவில் பதிவு செய்து ஸ்பிட்ஃபயர் நிறுவனம் வெளியிட்ட நூலகத்துக்கு ‘டிஸ்கவர்’ என்று ஒரு சிறிய பதிப்பு 2020இல் வந்தது, இலவசம், 200 எம்பி அளவுதான், போன் டேட்டாவிலேயே இறக்கலாம். சொனாட்டினா சிம்பொனிக் ஒர்க்கெஸ்ட்ரா அரை ஜிபி அளவு, அதுவும் இலவசம், பழைய கணினியிலும் ஓடும். பாட்டுக்குப் பின்னால் நிற்கிற ஸ்ட்ரிங்ஸுக்கு இவை தாராளமாகக் காணும். மிச்சம் வீலில் இருக்கிற கையைப் பொறுத்தது.

கோயில் வீதியில் வாசிக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. அங்கே சத்தம் மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில்தான் போகிறது, இடம் வலம் என்ற பேச்சே இல்லை, எல்லாம் ஒன்றாகக் கலந்துதான் வரும். ஹெட்போனில் அகலமாகவும் ஆழமாகவும் கேட்கிற ஸ்ட்ரிங்ஸ் பல, இடமும் வலமும் ஒன்றாகச் சேரும்போது ஒன்றையொன்று அழித்து மெலிந்துபோகும். ஆகவே கீபோட்டின் இடது வெளியீட்டில் மட்டும் வயரைக் குத்தி, அப்படிக் கேட்டுத்தான் சத்தத்தைத் தெரிவு செய்ய வேண்டும். செலோவின் அடிச்சுரங்களும் டபுள் பேஸும் அந்தக் குழாயில் சரியாக வராது, அதற்காக இடது கையைப் போட்டு அடிப்பதில் பயன் இல்லை. ரிவேர்பைக் குறையுங்கள், வெளி தானே எதிரொலியைக் கொடுக்கும். இந்த இடத்தில் சொலினா மாதிரியான பழைய செயற்கை ஸ்ட்ரிங்ஸ் விலை கூடிய உண்மைப் பதிவை விடத் தெளிவாகக் கேட்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். உண்மையான சத்தம் வேண்டும் என்று இவ்வளவு எழுதுகிற நானே கோயில் நிகழ்ச்சிகளில் அதைத்தான் போடுகிறேன்.

இவை எல்லாவற்றையும் விட நான் பெரிதாக நினைப்பது வேறொன்று. கீபோட் ஸ்ட்ரிங்ஸுக்கு மேலே ஒரே ஒரு உண்மையான வயலின் சேர்ந்து வாசித்தால் கீழே இருக்கிற முழுக் கூட்டமும் உண்மையாகக் கேட்கத் தொடங்கிவிடும். காது அந்த ஒரு வில்லின் உரசலைப் பிடித்துக்கொண்டு மற்றதையும் அதோடு சேர்த்து நம்பிவிடுகிறது. ஸ்ரூடியோக்களில் செலவைக் குறைக்கக் காலங்காலமாகச் செய்து வருகிற வேலை இது. கமகம் உள்ள மெட்டுக்கு இதைத் தவிர நல்ல வழியே இல்லை, பதினாறு வயலினைச் சுருதியை ஏற்றி இறக்குகிற பிட்ச் பெண்ட் வீலால் சேர்த்து வளைத்தால் அது கமகம் ஆகாது. எங்களிடம் வயலின் வாசிக்க ஆள் இல்லையா? வன்னிப் பள்ளிக்கூடங்களில் வயலின் பழகுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள், சாதாரண தரம் எழுதியதும் பெட்டியை மூடி அலுமாரிக்கு மேலே வைத்துவிடுகிறார்கள், ஏனென்றால் வாசிக்க இடம் இல்லை. இசைக்குழு நடத்துகிறவர்களும் பாடகர் குழுவைப் பழக்குகிறவர்களும் அந்தப் பிள்ளைகளைக் கூப்பிட வேண்டும், அவர்களுக்குப் போக்குவரத்துச் செலவாவது கொடுக்க வேண்டும்.

கூப்பிடுகிறவர்கள் ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். எங்களுடைய வயலின் ச ப ச ப என்று பாடுகிறவரின் சுருதிக்குக் கட்டப்பட்டது. பாடுகிறவர் மேடையில் வந்து நின்றுகொண்டு ஐந்து கட்டைச் சுருதி வேண்டாம், ஐந்தரை வையுங்கள் என்றால் கீபோட்காரர் ட்ரான்ஸ்போஸ் பட்டனை ஒரு தட்டுத் தட்டிவிடுவார், வயலின் பிள்ளையோ நாலு கம்பியையும் திருக வேண்டும், அந்தச் சத்தத்துக்குள் அது நடக்காது. எந்தப் பாட்டு எத்தனை கட்டை என்று ஒத்திகையிலேயே முடிவு செய்து, ஒரே சுருதிப் பாட்டுகளை அடுத்தடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கீபோட்டின் சுருதியை வயலினுக்குக் கொடுத்த பிறகு யாரும் அந்தப் பட்டனைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கீபோட் வாசிக்கும் ஒரு வாசகர்,
மாங்குளம்.