சுவர் மெலிந்தது பற்றி, எங்கள் வாடிக்கையாளர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். வினையூக்கியைத் தாங்க நாங்கள் செய்யும், வாயு ஓடச் சின்னச் சின்ன அறைகள் கொண்ட பீங்கான் தேன்கூட்டுக் கட்டியைத் தராசில் வைத்துப் பார்த்த நண்பர் ஒருவர், பழையதைவிட எடை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருக்கிறது என்று கண்டுபிடித்து நாலு பேரிடம் சொல்லிவிட்டார். அறைகளுக்கு நடுவே உள்ள சுவரை மெலியவைத்ததால் எடை குறைந்தது உண்மைதான், ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் "மண்ணில் மிச்சம் பிடிக்கிறார்கள்" என்று கூடவே சொன்னாரே, அதுதான் இரண்டு நாளாகத் தூங்கவிடவில்லை.

மண் எங்கள் செலவில் சின்னப் பங்கு. டால்க், கயோலின், அலுமினா மூன்றையும் பிசைந்து அச்சு வழியே தள்ளுகிறோம். சூளையில் 1400 டிகிரியை ஒட்டிச் சுடும்போது அது கார்டியரைட் என்ற, சூட்டைத் தாங்கும் பீங்கானாகிறது. காசைத் தின்பது அச்சு. பழைய 0.165 மி.மீ. சுவருக்கு வெட்டிய அச்சு இப்போதைய 0.1 மி.மீ. சுவருக்கு உதவாது, புதிதாக வெட்டினோம். அந்த இடுக்கில் ஒரு பருமனான துகள் சிக்கினால் போதும், அதற்குப் பின்னால் வரும் சுவர் கிழிந்துகொண்டே வரும். இன்னும் சுடாத பச்சைக் கட்டியோ விரல் பட்டாலே பதியும். ஓரத்து அறைகள் தன் எடைக்கே நசுங்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து, ஒரு வரிசை கோணலாக இருந்தாலும் கழித்துப் போடுகிறோம். கழிவு முன்பைவிட அதிகம். மிச்சம் பிடிக்க நினைப்பவன் செய்கிற வேலையா இது?

சரி, எதற்காக மெலியவைத்தோம்? வாயு கட்டியைக் கடக்கும்போது அழுத்த இழப்பு அதிகம், குறையுங்கள் என்று கேட்டவர்கள் உங்களில் பலர்தான். சதுர அங்குலத்துக்கு 400 அறைகள் என்பதில் மாற்றமில்லை. பழைய சுவரில் முகப்பில் வாயு நுழையத் திறந்திருந்த இடம் சுமார் 76 சதவீதம், இப்போது 85. சூடாக வேண்டிய பீங்கானும் குறைவு, அதனால் குளிர்ந்த நிலையில் தொடங்கும்போது வினையூக்கி சீக்கிரமே வேலைக்கு வந்துவிடுகிறது. அறைச் சுவர்களின் பரப்பு லிட்டருக்கு 2.7 சதுர மீட்டரிலிருந்து 2.9 ஆகக் கூடியிருக்கிறது, குறையவில்லை.

அப்புறம், உண்மையான பரப்பு பீங்கானில் இல்லை, அதன்மேல் ஏற்றும் காமா அலுமினாப் பூச்சில் இருக்கிறது. கிராமுக்கு 100 சதுர மீட்டர் என்று வைத்தாலும், லிட்டருக்கு 100 கிராம் பூசினால் 10,000 சதுர மீட்டர். வினையூக்கியான உங்கள் பிளாட்டினம் உட்காருவது அங்கேதான். கட்டியின் வேலை அந்தப் பூச்சைத் தாங்கி, வாயுவை அதன் பக்கத்தில் ஓடவிடுவது. 1100 டிகிரியைத் தாண்டி நெடுநேரம் ஓட்டினால் அலுமினாவின் காமா வடிவம் ஆல்ஃபா வடிவமாக மாறி அந்தப் பரப்பு இடிந்துவிடும். அதற்குச் சுவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவ்வளவு சூடு போகும் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், பூச்சில் லாந்தனம் சேர்த்துத் தருகிறோம். மாற்றத்தை அது தள்ளிப்போடும்.

உலர்த்தும் அறையைப் பல வருடமாகப் பார்த்துக்கொண்டவர் போன மாதம் விலகிவிட்டார். அந்த இடைவெளியில் உலர்ந்த சில கட்டிகளில் மயிரிழை விரிசல் இருக்கக்கூடும், மாற்றித் தருகிறோம்.

கதையைக் கேட்டதும் நம்பிவிடாமல், "என்ன விஷயம்?" என்று நேரே எங்களைக் கூப்பிட்டுக் கேட்டவர்களுக்கு மனமார்ந்த நன்றி. எங்கள் முதல் கட்டிகள் வில்லாக வளைந்து வந்தபோதும் திருப்பி அனுப்பாமல், எந்தப் பக்கம் வளைந்தது என்று வரைந்து அனுப்பியவர்கள் நீங்கள். அந்தப் படங்கள் இன்னும் அச்சு மேசைக்கு மேலே சுவரில்தான் இருக்கின்றன.

பழைய 0.165 அச்சையும் எண்ணெய் தடவிப் பத்திரமாக வைத்திருக்கிறோம். கனமான கட்டிதான் வேண்டும் என்பவர்கள் ஆர்டரில் ஒரு வரி எழுதினால் போதும். எடை பார்த்த நண்பருக்கும் இதேதான்.

அன்புடன்,
உரிமையாளர்