அந்த வாசலில் வேண்டாம்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சித்தேரி மலையடிவாரத்துப் பழங்குடி ஊரான வாச்சாத்திக்கு ஒரு நினைவிடம் வேண்டும் என்று சென்ற இதழில் கட்டுரை போட்டதற்கு நன்றி. ஆனால் தருமபுரி ஆட்சியர் அலுவலக வாசலில், தலைவிரி கோலமாக அழும் பெண் சிலை ஒன்றை வைக்கலாம் என்ற யோசனையையும், கூடவே வந்த மாதிரிப் படத்தையும் பார்த்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

அந்த வாசலிலா ஐயா? 1992 ஜூன் 20-ல் சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் வாச்சாத்தியில் என்ன செய்தன என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஊரையே ஆலமரத்தடிக்கு இழுத்து வந்து அடித்தார்கள். 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள், குடிக்கிற கிணற்றைக்கூட விடவில்லை. பெண்களைக் குழந்தைகளோடு சேலம் சிறைக்கு அனுப்பினார்கள். அன்றைய ஆட்சியர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2023-ல் உயர் நீதிமன்றமே உத்தரவிட்டிருக்கிறது.

நான் சித்தேரி மலைக்காரன். அரூரில் விடுதியில் தங்கிப் படித்தபோது எது காணாமல் போனாலும் முதலில் எங்கள் பெட்டியைத்தான் திறப்பார்கள். வகுப்பிலேயே ஓர் ஆசிரியர் என்னைச் சந்தனக்கட்டைத் திருடன் என்று கூப்பிட்டார். அப்புறம் மகளுக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டுப் போனால், பேன்ட் போட்டிருக்கிற நீ எப்படிப் பழங்குடி என்று கேட்டார் ஓர் அதிகாரி. எங்களைத் திருடர் என்று சொல்ல யாரும் சாட்சி தேடியதில்லை. அந்தப் பெண்களிடம் மட்டும் 19 வருடம் சாட்சி கேட்டார்கள். 2011-ல் 215 பேருக்குத் தண்டனை வந்தபோது, குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் செத்தே போயிருந்தார்கள்.

கூண்டேறிச் சாட்சி சொல்லி, இத்தனை அதிகாரிகளுக்குத் தண்டனை வாங்கித் தந்த பெண்களை எதற்காக அழுகிற சிலையாக நிறுத்த வேண்டும்? நினைவிடம் வாச்சாத்தி ஊருக்குள்தான் இருக்க வேண்டும். தீர்ப்பைக் கல்லில் வெட்டி வையுங்கள். பெண்களின் பெயர் ஒன்றுகூட அதில் வேண்டாம், பேரன் பேத்தி எடுத்தவர்கள் அவர்கள். நல்ல நிழல், உட்காரத் திண்ணை, குடிக்கத் தண்ணீர் இருந்தால் சரி. மற்றதை அந்தப் பெண்களே கூடி உட்கார்ந்து முடிவு செய்யட்டும். கட்டிட வல்லுநர் அவர்கள் சொல்வதைக் கேட்டு வரையட்டும்.

இப்போதைக்கு உங்களிடம் கேட்பது இதுதான்: உங்கள் இணையதளத்தில் இருக்கும் அந்தச் சிலைப் படத்தை எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
சித்தேரி மலை வாசகன்,
தருமபுரி மாவட்டம்.