செல்விக்கு, அந்தக் கேசட்டைப் பற்றி

அன்பு மகள் செல்விக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நலம். நீ, மாப்பிள்ளை, பேரன் மூவரின் நலமும் அறிய ஆவல். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் இரண்டு வார்த்தை பேசிவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுவேன் என்பது உனக்குத் தெரியும். இதை முழுசாகச் சொல்ல வேண்டும், அதனால் எழுதுகிறேன்.

போன வாரம் மாடி ரூமில் இருந்த ஸ்டீல் பீரோவை ஒழித்தோம். உன் பள்ளிக்கூட நோட்டுகளுக்கு அடியில் ஸ்பைஸ் கேர்ள்ஸ் கேசட் இருந்தது, இங்கிலாந்துப் பெண்கள் ஐந்து பேர் பாடிய அந்த ஆல்பம். சித்தப்பா சென்னையிலிருந்து உனக்கு வாங்கி வந்தாரே, அதேதான். கையில் எடுத்ததும் முதலில் கண்ணில் பட்டது மேல் விளிம்பில் இருந்த இரண்டு ஓட்டைகள். அவற்றின்மேல் நான் ஒட்டிய செல்லோடேப் பழுப்பேறி, ஓரம் சுருண்டு, இன்னும் அப்படியே இருந்தது.

உனக்கு மறந்திருக்காது. 1997 கார்த்திகை. கேட்ட பாட்டைக் கேசட்டில் பதிந்து கொடுக்கும் நம் ரெக்கார்டிங் சென்டரில் ஐயப்ப சீசனில் நிற்க இடம் இருக்காது. அன்று ராத்திரி பஸ் ஏறும் ஒரு குழுவுக்கு சரணப் பாட்டு கேசட் வேண்டும், கடையில் காலி கேசட் ஒன்றுகூட இல்லை. வீட்டுக்கு வந்தேன், உன் மேஜையில் இது இருந்தது. கம்பெனி கேசட்டில் அந்த ஓட்டை திறந்தே இருக்கும், மேலே எதுவும் பதிய முடியாது. டேப் ஒட்டி அடைத்துவிட்டால் பதியலாம். அடைத்தேன், பதிந்தேன். ஏ பக்கம் முழுக்க முடிந்து, பி பக்கமும் பெரும்பாலும் ஓடியபோது கரண்ட் போய்விட்டது. அதற்குள் பக்கத்துக் கடையிலிருந்து புதுக் கேசட் ஒரு டஜன் வந்துவிட்டது. உன்னுடையது தேவைப்படவே இல்லை.

நீ டியூஷன் முடிந்து வந்து கேட்டாய். “இங்கிலீஷ் கத்தல்தானே, வேற வாங்கித் தரேன்” என்றேன். வாங்கித் தரவில்லை. நீ அழவும் இல்லை. கேசட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாய். அதற்கப்புறம் கடைக்கு வந்து “அப்பா, இந்தப் பாட்டைக் கேளுங்க” என்று நீ சொன்னதே இல்லை. இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. தப்பு என்னுடையது, செல்வி. என்னை மன்னித்துவிடு.

பழைய டெக்கில் பெல்ட் மாற்றி, ஹெட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, கேசட்டைப் போட்டேன். சரண கோஷம் போய்க்கொண்டே இருந்தது. பி பக்கத்தில் டப்பென்று ஒரு சத்தம். அடுத்த நொடி நடுப்பாட்டில் பெண் குரல்கள். கரண்ட் போன இடம். அங்கிருந்து ஒன்பதாவது பாட்டில் மிச்சமும், பத்தாவது பாட்டு முழுசாகவும் பிழைத்திருக்கின்றன. நீ இத்தனை நாள் வைத்திருந்தது இந்த ஐந்து நிமிஷத்துக்காகத்தான் என்று நினைக்கிறேன். அந்தக் கடைசிப் பாட்டின் நடுவில் ஜெரி என்ற பெண் ஸ்பானிஷில் பேசிப் பாடுகிறாள். அவளுடைய அம்மா ஸ்பெயின்காரர். நான் இங்கிலீஷ் கத்தல் என்று தள்ளியதில் மிஞ்சியிருந்தது அது.

அன்றே போனில் முழு ஆல்பத்தையும் தேடி எடுத்தேன். பேரன் போன லீவில் விட்டுப்போன ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மத்தியானம் மூன்று மணிக்கு ஊர் அடங்கியிருக்கும் நேரத்தில் உட்கார்ந்தேன். பத்துப் பாட்டு, நாற்பது நிமிஷம்.

முதல் பாட்டு ‘வான்னபி’. யாரோ ஓடிவரும் காலடி, ஒரு சிரிப்பு, அப்புறம்தான் பாட்டு. என் கையில் அந்த டேப் வந்திருந்தால் முதல் வேலையாக அந்தச் சத்தத்தை வெட்டியிருப்பேன். அவர்கள் விட்டுவைத்திருக்கிறார்கள், அந்த நொடியிலேயே ஐந்து பெண்கள் ரூமுக்குள் வந்துவிட்டது போல இருக்கிறது. முழுப் பாட்டும் மூன்று நிமிஷத்துக்கு உள்ளேதான். காதலனைவிடத் தோழிகள் முக்கியம் என்பதை இவ்வளவு வேகமாக, மூச்சு வாங்காமல் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அதை எழுதிய அன்று விக்டோரியா ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாளாம், போனில்தான் கலந்துகொண்டாள். அதனால் அந்தப் பாட்டில் அவள் தனியாகப் பாடும் வரி ஒன்றுகூட இல்லை. தெரிந்துகொண்டு மறுபடி கேட்டேன். சேர்ந்து பாடும் இடங்களில் அவளையும் தேடினேன்.

‘சே யூல் பி தேர்’ பாட்டில் திடீரென்று ஒரு மவுத் ஆர்கன் வருகிறது பார், அந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வாசித்தவர் ஜட் லாண்டர். கல்ச்சர் கிளப் என்ற இங்கிலாந்துக் குழுவின் ‘கர்மா கமீலியன்’ பாட்டிலும் அவர்தான். பாட்டின் கடைசியில் மெல் சி மற்றவர்களுக்கு மேலே ஏறிப் பாடுகிறாள். கீழே நால்வரும் பல்லவியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் மேலே போய்ப் போய் வருகிறாள். நம் ஊர் திருவிழாவில் இரட்டை நாயனம் கேட்டு வளர்ந்தவன் நான். ஒருவர் மூச்சு எடுக்கும்போது மற்றவர் பிடித்துக்கொள்வார், விட்ட இடம் தெரியாது. இந்த ஐந்து பேரும் வரி வரியாக அப்படித்தான் கைமாற்றுகிறார்கள். ஒருத்தி அரை வரி, இன்னொருத்தி மீதி. நான்காவது முறை கேட்டபோது ஐந்து குரலும் தனித்தனியாகப் பிடிபட்டது. எம்மாவுடையது மெத்தென்று இருக்கும். ஜெரியுடையது பேச்சு மாதிரி. மெல் பி அடித்தொண்டையிலிருந்து எடுப்பாள். அவள் நீ இருக்கும் லீட்ஸில் பிறந்தவளாமே! ராப் வரும் இடங்களில் அந்த உச்சரிப்பு கேட்கிறதா? உனக்குத்தான் தெரியும், எனக்குச் சொல்.

நீ இதைக் கேட்டது ஒற்றை ஸ்பீக்கர் டேப்ரிக்கார்டரில். எனக்கு ஹெட்போனில் குரல்கள் இடமும் வலமும் பிரிந்து வருகின்றன. கடையில் இரண்டு பெரிய ஸ்பீக்கர் வைத்திருந்தேன். ஒரே ஒரு நாள் அதில் போட்டுக் காட்டியிருந்தால் நீ எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாய் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

எல்லாமே பிடித்தது என்று சொல்ல மாட்டேன். நான்காவதும் ஐந்தாவதும் மனசில் நிற்கவில்லை. டிரம் மெஷின் ஒரே மாதிரி அடித்துக்கொண்டு போகிறது. ‘ஹூ டூ யூ திங்க் யூ ஆர்’ அப்படியில்லை. டிரம்பெட்டும் பேஸும் பழைய டிஸ்கோ மாதிரி துள்ளுகின்றன. கடை ஆரம்பித்த புதிதில் இப்படிப்பட்ட பாட்டைப் பதியச் சொல்லி லிஸ்ட் கொண்டுவந்த பையன்கள் உண்டு, அவர்களுக்கு ஆசையாகப் பதிந்து கொடுத்தவன்தான் நான். ‘டூ பிகம் ஒன்’ பாட்டில் பாதுகாப்பாக இரு என்று காதலனிடம் சொல்லும் இடம் இருக்கிறது. அன்று அர்த்தம் புரிந்திருந்தால் கேசட்டையே பிடுங்கியிருப்பேன். இன்று கேட்கும்போது, நானும் அம்மாவும் வாய் திறந்து சொல்லாத ஒன்றை அந்தப் பெண் உனக்குப் பொறுப்பாகச் சொல்லியிருக்கிறாள் என்று தோன்றியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். “யாரோ ஆட்டிவைக்கிற பொம்மைங்க” என்று உன்னிடம் சொல்லியிருக்கிறேன். இப்போது படித்துத் தெரிந்துகொண்டேன். அவர்களில் நால்வர் 1994ல் பத்திரிகை விளம்பரம் பார்த்து வந்த பெண்கள்தான், உண்மை. மெய்டன்ஹெட் என்ற ஊரில் ஒரே வீட்டில் தங்கவைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். ஆனால் 1995ல், கையில் எந்த ரெக்கார்ட் கம்பெனியும் இல்லாத நேரத்தில், தங்களைச் சேர்த்துவிட்ட மேனேஜர்களையே விட்டு வெளியே வந்துவிட்டார்கள். பத்துப் பாட்டிலும் எழுதியவர்கள் பட்டியலில் ஐந்து பேர் பெயரும் இருக்கிறது. முதலில் ‘வான்னபி’தான் வர வேண்டும் என்று பிடிவாதமாக நின்றதும் அவர்கள்தான். 1996 ஜூலையில் வந்தது, இங்கிலாந்தில் ஏழு வாரம் முதலிடம். நவம்பரில் வந்த ஆல்பம் உலகம் முழுக்க 2 கோடிக்கு மேல் விற்றது. அப்போது அவர்களுக்கு 20லிருந்து 24 வயது. பதினான்கு வயதில் உனக்குக் காதில் கேட்ட அந்தத் துணிச்சல், ஆயிரக்கணக்கில் கேசட் பதிந்த எனக்குக் கேட்கவில்லை.

ஆறாவது பாட்டு ‘மாமா’, அவர்கள் மொழியில் அம்மா. அதன் வீடியோவில் ஐந்து பேரின் அம்மாக்களும் வருகிறார்கள். அம்மாவைக் கூப்பிட்டு ஹெட்போனை மாட்டிவிட்டேன். அவளுக்குப் பாதி வார்த்தை புரியவில்லை. கடைசியில் கோரஸ் பெரிதாகச் சேர்ந்து வரும் இடத்தில் கண்ணை மூடிக்கொண்டாள். முடிந்ததும், “இது அந்தக் கேசட்டா?” என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். எழுந்து போய் காபி போட்டுக்கொண்டு வந்தாள். அவளும் மறக்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

பொங்கலுக்கு வருகிறேன் என்றாய். ஆம்ப்ளிஃபையரை சர்வீஸுக்குக் கொடுத்திருக்கிறேன், பெரிய ஸ்பீக்கர் இரண்டும் மாடியில்தான் இருக்கின்றன. முதலிலிருந்து கடைசி வரை சேர்ந்து கேட்போம். எந்த வரி யாருடையது என்று நீ சொல்லிக் கொடு, நான் கண்டுபிடித்தது சரியா என்று பார்க்கிறேன்.

கேசட்டைத் திரும்ப உன் நோட்டுகளுக்கு நடுவிலேயே வைத்துவிட்டேன். வைப்பதற்கு முன்னால் அந்த இரண்டு ஓட்டையிலிருந்தும் செல்லோடேப்பை உரித்தேன். பிசின் இறுகிப்போயிருந்தது, நகத்தால் சுரண்டி எடுக்க வேண்டியிருந்தது. இனி அதன்மேல் யாரும் எதையும் பதிய முடியாது.

அன்புடன்,
அப்பா