டிரம்மிலிருந்து தொடங்கு

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் கிடைத்தது. அப்பாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் வேளை தவறாமல் போடச் சொல். இங்கே எல்லோரும் சுகம். சின்னவள் இந்த வருடம் பள்ளிக்குப் போக ஆரம்பித்துவிட்டாள்.

லேப்டாப், விரலால் தட்டி வாசிக்கப் பதினாறு பேட் உள்ள கன்ட்ரோலர், இசையமைக்கும் மென்பொருளான எஃப்எல் ஸ்டுடியோ எல்லாம் வந்தாயிற்று, ராப் பாட்டுக்கான முதல் பீட்டை எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறாய். கார்டில் தொடங்குகிறவர்கள் உண்டு, மெலடியில் தொடங்குகிறவர்கள் உண்டு, பழைய ரெக்கார்டிலிருந்து இரண்டு பார் (நான்கு எண்ணிக்கை சேர்ந்தது ஒரு பார்) வெட்டி எடுத்து அதன்மேல் கட்டுகிறவர்களும் உண்டு. நீ டிரம்மில் தொடங்கு. சின்ன வயதிலிருந்து மிருதங்கத்தில் பழகிய கை உன்னுடையது. அதில் இருக்கும் கணக்குதான் பீட்டின் உயிர்.

முதலில் ஒரு கோளாறைச் சரி செய். பேடைத் தட்டினால் சத்தம் தாமதமாக வருகிறது என்கிறாயே, அது பஃபர் அளவால், அதாவது கம்ப்யூட்டர் ஒலியை வெளியே விடுமுன் சேர்த்துவைக்கும் அளவால், வருவது. 1024 சாம்பிளில் (ஒலியின் நுண்துணுக்குகளில்) வைத்திருந்தால், 44.1 கிலோஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 44,100 துணுக்கு என்ற கணக்கில், அதுவே சுமார் 23 மில்லிசெகண்ட். 128 ஆக்கினால் 3க்குள் வந்துவிடும். விண்டோஸ் என்றால் தாமதத்தைக் குறைக்கும் ஏஎஸ்ஐஓ டிரைவரைத் தேர்ந்தெடு. புளூடூத் ஹெட்ஃபோன் வேண்டவே வேண்டாம், அதன் தாமதம் இதைவிடப் பல மடங்கு. வயர் வைத்ததையே போடு. சத்தம் தாமதமானால் கை அதை ஈடுகட்ட, உனக்கே தெரியாமல் முன்கூட்டியே அடிக்கும். ரெக்கார்ட் ஆவதும் அப்படியே முந்திப்போய் நிற்கும். அப்புறம் கணக்கு தப்புகிறது என்று கையைக் குறை சொல்லிப் பயனில்லை.

டெம்போ, அதாவது நிமிடத்துக்கு எத்தனை அட்சரம் என்பதை, 90 வை. நியூயார்க் பக்கத்துப் பழைய ஹிப்ஹாப் பீட்டுகள் பெரும்பாலும் 85க்கும் 95க்கும் நடுவில் நிற்பவை. ராப் பாடுகிறவனுக்கு மூச்சு வாங்க இடம் இருக்கும், தலையும் தானாக ஆடும். ட்ராப் என்ற ஹிப்ஹாப் வகை வேண்டுமானால் 140, ஆனால் ஸ்னேரை (சுள்ளென்ற அடி) மூன்றாவது எண்ணிக்கையில் மட்டும் வைப்பார்கள், அதனால் 70 போலக் கேட்கும். அது பிறகு.

இப்போது ஒரு பாரைப் பதினாறு கட்டமாகப் பிரி, அட்சரத்துக்கு நான்கு. ஸ்னேரை 5, 13இல் வை. கிக்கை (கனமான கீழ் அடி) 1, 8, 11இல். ஹைஹேட்டை (சின்னத் தட்டுகளின் சத்தம்) 1, 3, 5 என்று ஒற்றைப்படைக் கட்டங்கள் எல்லாவற்றிலும். அவ்வளவுதான், மூன்றே சத்தம். ஓடவிட்டால் விறைப்பாக, உயிரில்லாமல் கேட்கும். பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் பொறுமை இழந்து பியானோவையும் வயலினையும் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். கொட்டாதே. ஸ்விங்கைத் திற.

ஸ்விங் என்பது உனக்குத் தெரிந்த விஷயம்தான். அரை அட்சரத்துக்குள் ‘தக’ என்று சமமாகச் சொன்னால் இரண்டாவது அடி சரிபாதியில் விழும், அது 50 சதவீதம். அதே அரை அட்சரத்தில் ‘தகிட’ சொல்லி, நடுவில் உள்ள ‘கி’யை விழுங்கிவிட்டு ‘த’வும் ‘ட’வும் மட்டும் வாசி, அது ஏறக்குறைய 67. அதாவது சதுரஸ்ரத்துக்கும் திஸ்ரத்துக்கும் நடுவே, நம் நடைக் கணக்கில் பெயரில்லாத ஓர் இடத்தில் இந்த இசை உட்கார்ந்திருக்கிறது. ரோஜர் லின் என்பவர் 1980இல் வந்த தன் டிரம் மெஷினிலேயே இதை ஒரு செட்டிங்காக வைத்தார். 1988இல் அகாய் கம்பெனிக்காக அவர் வடிவமைத்த எம்பிசி 60 என்ற, பேட் வைத்த மெஷின் வழியாக அது ஹிப்ஹாப்பின் நடையாகவே ஆனது. 58இல் வைத்துக் கேள். 90 டெம்போவில் அரை அட்சரம் 333 மில்லிசெகண்ட், அதில் 58 என்றால் இரண்டாவது அடி சுமார் 27 மில்லிசெகண்ட் தள்ளி விழும். உன் பஃபர் தின்றுகொண்டிருந்த 23 எவ்வளவு பெரிய அளவு என்று இப்போது புரியும்.

ஒன்று கவனி. ஸ்விங் இரட்டைப்படைக் கட்டங்களை மட்டும்தான் நகர்த்தும். நீ வைத்ததில் இரட்டைப்படையில் இருப்பது 8ஆம் கட்டத்துக் கிக் ஒன்றுதான். ஹைஹேட் நேராகப் போக, அந்த ஒரு கிக் மட்டும் சோம்பலாக வந்து விழும். இந்த இழுபறிதான் அழகு. ஒற்றைப்படையில் மட்டுமே அடிகளை வைத்துவிட்டு, ஸ்விங் பட்டன் வேலை செய்யவில்லை என்று நினைக்கிறவர்கள் ஏராளம். எஃப்எல்லில் கட்டங்கள் இருக்கும் சேனல் ரேக்கின் மேலே உள்ள ஸ்விங் காட்டும் அளவு எம்பிசி கணக்கு அல்ல. அங்கே எண்ணைப் பார்க்காதே, காதால் வை.

அடுத்தது பலம். எல்லா ஹைஹேட்டும் ஒரே வெலாசிட்டியில் இருந்தால் தையல் மெஷின் போலத்தான் கேட்கும். 100, 65 என்று மாற்றி மாற்றி வை. 13க்கு ஒரு கட்டம் முன்னால், 12இல், 35 அளவில் ஒரு மெல்லிய ஸ்னேர். இது பிடிபட்டதும், அடிகளைக் கட்டத்தில் ஒட்டவைக்கும் கிரிட்டை அணைத்துவிட்டுக் கையால் வாசித்துப் பார். டெட்ராய்ட்டின் பீட் தயாரிப்பாளர் ஜே டில்லா எம்பிசி 3000இல் அடிகளைக் கட்டத்தை விட்டு நகர்த்தித்தான் பேர் வாங்கினார். அந்த மெஷின் இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால் மூன்றையும் ஒரே நேரத்தில் அலையவிடாதே. ஹைஹேட் நிலையாக நிற்கட்டும், கிக் அலையட்டும். எல்லாமே அலைந்தால் கேட்கிறவனுக்குத் தாளம் தப்பியதாகத்தான் படும்.

மிருதங்கத்தையும் சேர்க்க ஆசை என்று எழுதியிருந்தாய். தாராளமாக. ஃபேனை நிறுத்திவிட்டு, மைக்கை வலந்தலையிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வைத்து, 24 பிட்டில், உச்சம் மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாமல் பதிவு செய். நம், தீம், சாப்பு, தொம் ஒவ்வொன்றையும் மென்மையாக, நடுத்தரமாக, அழுத்தமாக என்று நான்கைந்து தடவை எடு. ஒரே ‘நம்’மைத் திரும்பத் திரும்ப ஒட்டினால் இரண்டு பாரிலேயே போலி என்று தெரிந்துவிடும். ரவை வைத்த தொப்பியில் எழும் தொம், கிக்கோடு மோதும். கிக்குக்குப் பதிலாகவே அதைப் பயன்படுத்து, இல்லையென்றால் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடு.

இங்கேதான் ஸ்ருதி முடிவாகிறது. உன் மிருதங்கம் 1 கட்டை, அதாவது சி. பேஸையும் சியில் வைத்தால் கீழ் சி 32.7 ஹெர்ட்ஸ், பெரும்பாலான ஸ்பீக்கரில் வராது. மேல் சி 65.4, அடிவயிற்றில் இறங்காது. எஃப் மைனரை எடு. பேஸ் எஃப் 43.65 ஹெர்ட்ஸில் கனமாக உட்காரும், உன் ஷட்ஜமம் அங்கே பஞ்சமமாக ஒலிக்கும், இரண்டும் சண்டை போடாது. ஸ்ருதி பார்க்காமல் தாளவாத்தியத்தைச் சேர்ப்பதால்தான் பல பீட்டுகளில் காரணம் புரியாத ஒரு நெருடல் இருக்கிறது.

பேஸுக்கு மூன்று ஸ்வரம் போதும். கிக்கோடு சேர்ந்து தொடங்கட்டும், ஸ்னேர் வரும்போது நிற்கட்டும். கிக்கும் பேஸும் ஒரே நேரத்தில் அடித்து மங்கினால் கிக்கைச் சுருக்கு, அல்லது கிக் விழும்போது பேஸ் மூன்று நான்கு டெசிபல் இறங்கும்படி சைட்செயின் போடு. போனில் பேஸே கேட்கவில்லை என்றால் ஒலியைக் கூட்டாதே. கொஞ்சம் சாச்சுரேஷன் (லேசான கரகரப்பு) கொடு. 43 ஹெர்ட்ஸ் போனில் வராது, அதன் மடங்குகள் வரும், காது மிச்சத்தை நிரப்பிக்கொள்ளும்.

பழைய பாட்டை வெட்டிப் போடலாமா என்று கேட்டாய். பழகுவதற்கு வெட்டு, வெளியிடாதே. 100 டெம்போ பாட்டை வேகத்தைக் குறைத்து 90க்கு இறக்கினால் ஸ்ருதியும் ஏறக்குறைய இரண்டு செமிடோன் இறங்கும், அந்தக் கனம் அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஒலிப்பதிவுக்கு ஓர் உரிமை, இசையமைப்புக்குத் தனி உரிமை, இரண்டுக்கும் அனுமதி வேண்டும். 1991இல் அமெரிக்க நீதிமன்றம் ராப்பர் பிஸ் மார்க்கி வழக்கில் தீர்ப்புச் சொன்ன பிறகு பெரிய கம்பெனிகளே அனுமதி வாங்காமல் இப்படி வெட்டியெடுத்த துண்டைத் தொடப் பயந்தன. உன் கையிலேயே வாத்தியம் இருக்கும்போது உனக்கு என்ன குறை?

எட்டு பார் நன்றாக வந்ததும் அதையே மணிக்கணக்கில் சுற்றவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்காதே. காது பழகிவிடும், எதை மாற்றினாலும் தப்பாகப் படும். உடனே நீட்டு: முன்னுரை 4 பார், சரணம் 16, பல்லவி 8, மறுபடி 16, 8. சரணத்தில் மெலடியை நிறுத்திவிடு, அங்கே குரல் வரவேண்டும். நான்கு பாருக்கு ஒருமுறை கடைசி கிக்கை எடுத்துவிடு. புதிதாகச் சேர்ப்பதைவிட இருப்பதை நிறுத்தினால்தான் கேட்கிறவன் நிமிர்வான்.

முடித்ததும் எம்பி3 அனுப்பாதே. கிக், ஸ்னேர், மிருதங்கம், பேஸ் எல்லாம் தனித்தனி டபிள்யூஏவி ஃபைலாக, எல்லாமே முதல் பாரிலிருந்து தொடங்கும்படி ஏற்றுமதி செய்து அனுப்பு. டெம்போவையும் ஸ்ருதியையும் ஃபைல் பெயரிலேயே எழுதிவிடு. பேஸை நான் இங்கே பெரிய ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டுச் சொல்கிறேன்.

அம்மாவையும் தங்கச்சியையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்