உன் சேவ் ஃபைலில் நான் ஆடிய ஆட்டம்

அன்பு மக்களே,

இடவப்பாதி மழை பிடித்துப் பதினோரு நாள் ஆகிறது. ரப்பர் விளையில் வெட்டு நின்றுவிட்டது. சிரட்டையெல்லாம் கவிழ்த்து வைத்தாயிற்று. மழைக்கு முன்னால் அடித்த ஷீட் இன்னும் வெள்ளை மாறாமல் தொங்குகிறது. ரிட்டயர்டு வாத்தியாருக்கு இந்த மழையில் வேறென்ன வேலை? அதனால் ஒரு காரியம் செய்தேன். கோபப்படாமல் படி.

உன் அறையில் இருந்த பழைய கம்ப்யூட்டரைக் களியக்காவிளைக்குக் கொண்டுபோய் பவர் சப்ளை மாற்றி எடுத்துவந்தேன். மேசை டிராயரில் 'மாஸ் எஃபெக்ட் 2' என்ற விண்வெளி கம்ப்யூட்டர் ஆட்டத்தின் டிவிடி உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது. பிளஸ் டூ பரீட்சை முடிந்ததும் ஆடலாம் என்று திருவனந்தபுரத்தில் என்னை நச்சரித்து வாங்கினாயே, அதேதான். அப்புறம் கவுன்சலிங், ஹாஸ்டல், வேலை, விமானம். அது டிராயரிலேயே இருந்துவிட்டது.

அதைச் செய்த பயோவேர் கம்பெனி எட்மண்டனில் 1995-இல் தொடங்கியது என்று மேலேவீட்டுப் பையன் சொன்னான். நீ இப்போது குளிரில் கிடக்கிற அதே ஊர்! தொடங்கியவர்களில் மூன்று பேர் அங்கேயே மருத்துவம் படித்தவர்களாம். "டாக்டருக்குப் படிக்க வைத்த தாய் தகப்பன் மனசு என்ன பாடு பட்டிருக்கும்" என்றாள் உன் அம்மா. எனக்கோ, மகள் இருக்கிற ஊரில் செய்த சாமானாச்சே, ஒரு தடவை பார்த்துவிடுவோம் என்று தோன்றியது.

முதல் பாகத்தை முடித்தவர்கள், ஆடியதைச் சேமித்து வைத்த அந்த சேவ் ஃபைலை இதில் இறக்கிக்கொள்ளலாம் என்று பையன் காட்டினான். உன் ஃபைலை இறக்கியதும் திரையில் ஒரு முகம் வந்தது. நீ பதினேழு வயதில் உட்கார்ந்து செதுக்கிய கதாநாயகி, கமாண்டர் ஷெப்பர்டு. மூக்கு அப்படியே உன் பாட்டியின் மூக்கு. நீ தெரிந்து செய்தாயா, கை தானாகப் போனதா?

சரி, விமர்சனத்துக்கு வருகிறேன். முப்பது வருஷம் பரீட்சைத் தாள் திருத்திய பழக்கம் விடுமா?

கதை தொடங்கிய சில நிமிஷத்திலேயே உன் கப்பலை உடைத்து உன்னைக் கொன்றுவிடுகிறார்கள். ஒரு கிரகத்தை நோக்கி விழுந்த உடலைத் தேடியெடுத்து, செர்பரஸ் என்ற கூட்டம் இரண்டு வருஷம் வேலை செய்து எழுப்பி உட்கார வைக்கிறது. இயற்பியல்படி அங்கே எழுப்புவதற்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது. போகட்டும், கதை. ஆனால் எழுந்ததிலிருந்து அந்தக் கூட்டத்துக்கே வேலை செய்ய வேண்டியிருக்கிறதே, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. முதல் பாகத்தில் மனிதர்களை வைத்துக் கொடூரப் பரிசோதனை செய்த அதே ஆட்கள். 'முடியாது' என்று சொல்லிவிட்டுப் போக ஒரு வழிகூட வைக்கவில்லை. எவ்வளவு முறைத்துப் பேசினாலும் கடைசியில் அவர்கள் கப்பலில்தான் ஏறியாக வேண்டும்.

உயிர்த்தெழுந்த முகத்தில் காயங்கள் இருக்கும், உள்ளே சிவப்பாக வெளிச்சம் தெரியும். பேச்சு நடக்கும்போது திரை ஓரத்தில் ஒரு குறி மின்னும், அந்த நேரம் மவுஸை அழுத்தினால் ஷெப்பர்டு சட்டென்று ஏதாவது செய்வாள். நான் பழக்கமில்லாமல் ஓரிடத்தில் அழுத்திவிட்டேன். கூலிப்படைக்காரன் ஒருவனை உயரமான கட்டடத்தின் ஜன்னல் வழியே தள்ளிவிட்டாள். சாயாவோடு பின்னால் நின்ற உன் அம்மா, "பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் யாரும் பார்க்காமல் இருந்தால் சரி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

முரட்டு வேலை செய்யச் செய்ய அந்தக் காயங்கள் விரியும், நல்லவிதமாக நடந்தால் ஆறும். இது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. கப்பலில் நின்று முகத்தைப் பார்த்தேன், கன்னத்தில் விரிசல் கூடியிருந்தது. நீ செய்த முகம், பாட்டியின் மூக்கு. அதற்கப்புறம் ஒருத்தரையும் தள்ளவில்லை.

இயற்பியல் வாத்தியாரைக் குஷிப்படுத்திய இடம் ஒன்று உண்டு. சிட்டாடல் என்ற பெரிய விண்வெளி நகரத்தில் நுழைகிற இடத்தில் ஒரு சார்ஜென்ட் இரண்டு புது ஆட்களைத் திட்டிக்கொண்டிருப்பார். போர்க்கப்பலின் பீரங்கி 20 கிலோ இரும்புக் குண்டை ஒளி வேகத்தில் 1.3 சதவீதத்துக்கு முடுக்குகிறது, அது 38 கிலோடன் வெடிகுண்டுக்குச் சமம், குறி தவறினால் அந்தக் குண்டு நிற்காது, பத்தாயிரம் வருஷம் கழித்து எங்கேயோ யார் தலையிலோ விழும், ஆகையால் கண்ணை மூடிக்கொண்டு சுடாதே என்கிறார். நியூட்டனின் முதல் விதியை நான் இத்தனை வருஷத்தில் இவ்வளவு நன்றாக நடத்தியதில்லை. ஆட்டத்தை நிறுத்திவிட்டு ரப்பர் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். அரை எம் வி ஸ்கொயர். 36 கிலோடன் சொச்சம் வந்தது. அரை மார்க் குறைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு விவரமாக எழுதியவர்கள் துப்பாக்கியில் கோட்டை விட்டுவிட்டார்கள். முதல் பாகத்தில் துப்பாக்கி சூடேறினால் கொஞ்ச நேரம் பொறுத்தால் தானே ஆறும். இதில் சூட்டை உறிஞ்சுகிற ஒரு வில்லை, தீர்ந்தால் வேறு வில்லை தேடி ஓட வேண்டும். இடையில் இரண்டு வருஷத்தில் வந்த முன்னேற்றமாம். சண்டை விறுவிறுப்பாக இருக்க அப்படிச் செய்தார்கள், இருக்கவும் செய்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கப்பலில் கூட வருகிற ஜேக்கப் என்பவனின் அப்பா பத்து வருஷமாக உலகத் தொடர்பே இல்லாமல் சிக்கிக் கிடந்த கிரகத்துக்குப் போனால், அங்கேயும் தரையெல்லாம் அதே புது வில்லை! வகுப்பில் காப்பியடித்து மாட்டுகிறவன்கூட இதைவிடக் கவனமாக இருப்பான்.

முதல் பாகத்தில் பை நிறையத் துப்பாக்கி சேர்ந்து, எதை வைப்பது எதை எறிவது என்று நீ புலம்பியது எனக்கு நினைவிருக்கிறது. இதில் அந்தத் தொல்லை இல்லை. ஏனென்றால் பையே இல்லை. வீட்டைப் பெருக்கச் சொன்னால் அடுப்பையும் சேர்த்து வெளியே போட்டிருக்கிறார்கள். கிரகங்களில் குதித்துக் குதித்து ஓடிய மாக்கோ வண்டியும் போச்சு. நீ அதைத் திட்டாத நாள் இல்லை, ஆனாலும் வெற்றுத் தரையில் இறங்கி நிற்கிற அந்த நேரம் இதில் இல்லை. பெரும்பாலும் நீளமான வழிப்பாதை. இடுப்பளவுப் பெட்டிகள் வரிசையாகத் தெரிந்தால் போதும், அடுத்து சண்டை என்று உன் அம்மாவே சொல்லிவிடுவாள்.

வண்டிக்குப் பதிலாகக் கொடுத்தது என்ன தெரியுமா? கனிமம் தேடுதல். ஒவ்வொரு கிரகத்தின் மேலும் ஒரு வட்டத்தை மெதுவாக நகர்த்த வேண்டும், கோடு துள்ளினால் புரோப் என்ற ஆய்வுக் கருவியை இறக்க வேண்டும். பல்லேடியம், பிளாட்டினம், இரிடியம், எலிமென்ட் ஜீரோ. மூன்றாவது நாள் வெறுத்துவிட்டது. கப்பலுக்குக் கனத்த கவசம் போட ஜேக்கப் சொல்லியிருந்தான், அதற்குப் பல்லேடியம் போதவில்லை. அழகுக்குத்தானே என்று விட்டுவிட்டேன். இது எங்கே போய் முடிந்தது என்று பிறகு சொல்கிறேன்.

ஆள் விஷயத்தில் மட்டும் இவர்களை அடிக்க முடியாது. திரும்பி வர வாய்ப்பில்லாத ஒரு பயணத்துக்கு ஆள் சேர்ப்பதுதான் மொத்தக் கதையும். ஒவ்வொருவருக்கும் வீட்டில் தீராத பிரச்சினை ஒன்று, அதை முடித்துக் கொடுத்தால்தான் முழு மனதோடு கூட வருவார்கள். கல்யாண வீட்டுக்குப் பத்திரிகை வைக்கப் போகிற மாதிரிதான், ஒவ்வொரு திண்ணையிலும் உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் எழுந்திருக்க முடியும்.

என்னை உலுக்கியது மோர்டின். படபடவென்று பாதி வாக்கியமாகப் பேசுகிற விஞ்ஞானி. குரோகன் என்ற போர்க்குலத்துக்குப் பிள்ளை பிறக்கவிடாமல் செய்யும் ஜெனோஃபேஜ் என்ற நோய் பலமிழக்கத் தொடங்கியபோது, அதைத் திருத்திப் பலப்படுத்திய குழுவில் இருந்தவர். அவருடைய பழைய மாணவன் மேலான், செய்த பாவத்தைக் கழுவ, நோய்க்கு மருந்து தேடி உயிருள்ளவர்களை அறுத்துக்கொண்டிருக்கிறான். அங்கே செத்துக் கிடக்கிற ஒரு குரோகன் பெண்ணின் முன்னால் மோர்டின் நிற்பார். கணக்கெல்லாம் சரி, ஆனால் இது, என்பது போல ஒரு தடுமாற்றம். அப்புறம் மாணவன் முன்னால் துப்பாக்கியோடு நிற்பார். தான் கற்றுக் கொடுத்ததன் விளைவைத்தான் அவன் திருத்தப் பார்க்கிறான், அதுவும் தப்பான வழியில். நான் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு தடுத்துவிட்டேன். அவன் சேர்த்த ஆராய்ச்சித் தகவலையும் அழிக்கவில்லை. நீ என்ன செய்திருப்பாய்?

ஒன்று மட்டும் சிரிப்பு வந்தது. கூட வருகிறவர்களில் மிராண்டாவின் அப்பா மகளைச் சாமான் மாதிரி செய்து வைத்தவர், அவள் தங்கையோடு ஓடி வந்தவள். ஜேக்கப்பின் அப்பா காட்டில் ராஜாவாகிக் கூட வந்தவர்களையே அடிமையாக்கியவர். தேன் என்ற பெயர்க்காரர் மகனைக் கைவிட்டவர். சமாராவோ பெற்ற மகளையே வேட்டையாடப் புறப்பட்டவள். எழுதியவர்களுக்குத் தாய் தகப்பன் மேல் அப்படி என்ன கோபமோ! டாலி என்ற பெண் விஷயத்தில் மட்டும் சிரிக்க முடியவில்லை. அவளுடைய அப்பா செய்த குற்றத்துக்கு அவள்மேல் விசாரணை. ஆதாரம் என் கையில் இருக்கிறது, காட்டினால் அவள் தப்புவாள். 'அப்பா பெயரைக் கெடுத்துவிடாதே' என்று கெஞ்சுகிறாள். வாயை மூடிக்கொண்டேன். அவளை நாடு கடத்திவிட்டார்கள்.

இரண்டுக்கும் நடுவே பேசிச் சமாளிக்கவும் வழி உண்டாம். ஆனால் அதற்கு நல்லவன் கணக்கிலோ முரடன் கணக்கிலோ போதுமான புள்ளி வேண்டும். முதலிலிருந்தே ஒரு பக்கமாக நின்றவர்களுக்குத்தான் அந்த வாசல் திறக்கும். என்னைப் போல ஆரம்பத்தில் ஜன்னல் வழியே தள்ளிவிட்டுப் பிறகு திருந்தியவனுக்குக் கிடையாது. நிஜத்தில் யார் அப்படி ஒரே பக்கமாக இருக்கிறார்கள்? மிராண்டாவும் ஜாக்கும் அடித்துக்கொண்டபோதும் இதே கதைதான், இருவரையும் சமாதானம் செய்ய முடியவில்லை. ஜாக் பக்கம் பேசினேன். தலையை மழித்துக்கொண்டு உடம்பெல்லாம் பச்சை குத்திய, சின்ன வயதிலேயே செர்பரஸ் அடைத்து வைத்து வதைத்த பெண். மிராண்டா அதோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

கடைசிப் பயணம். ரிலே என்ற விண்வெளி வாசலைத் தாண்டியதும் எதிரிக் கப்பல் சுட்டது. கவசம் இல்லையே. ஜாக் செத்துப்போனாள். யாருக்காகப் பரிந்து பேசினேனோ அவளேதான், நான் பல்லேடியம் தேடச் சலித்ததால். மக்களே, வெறும் ஆட்டம் என்று தெரிந்தும் அன்று ராத்திரி மீன் குழம்பு இறங்கவில்லை. அலுப்பான வேலையைக் கொடுத்ததும் அவர்கள் தப்பு, அதை இப்படி உறைக்க வைத்ததும் அவர்கள் கெட்டிக்காரத்தனம். மார்க் எப்படிப் போடுவது என்றே தெரியவில்லை. முடிவில் வருகிற மனித உருவ ராட்சத இயந்திரத்துக்கு மட்டும் தயங்காமல் பூஜ்யம் போடுவேன். திருவிழாச் சப்பரத்தில் கட்டி வைத்த பொம்மை மாதிரி கண்ணை உருட்டுகிறது. இத்தனையும் முடிந்த பிறகு பார்த்தால், ரீப்பர்கள் என்ற பெரிய ஆபத்து முதல் பாகத்தில் விட்ட இடத்திலிருந்து அதிகம் நகரவே இல்லை.

இருந்தாலும் 2011-இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு இதற்குச் சிறந்த ஆட்டம் என்று பரிசு கொடுத்தது நியாயம்தான்.

உன் பழைய முடிவுகள் வழி நெடுக வந்துகொண்டே இருந்தன. நீ உயிரோடு விட்ட, ராக்னி என்ற பூச்சியினத்தின் ராணி, ஒரு பெண் வாயிலாக உனக்கு நன்றி சொல்லி அனுப்பியிருந்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது. கான்ராட் என்ற உன் ரசிகன் மட்டும், நீ துப்பாக்கியை முகத்தில் நீட்டினாய் என்று சொன்னான். என் மகள் அப்படிச் செய்யமாட்டாள் என்று பையனிடம் அடித்துச் சொன்னேன். அவன் தேடிப் பார்த்து, அது ஆட்டத்தில் உள்ள பிழை, மரியாதையாக நடத்தியவர்களிடமும் அதையேதான் சொல்கிறான் என்றான்.

குரோகன்களின் கிரகமான டுச்சாங்காவில் மட்டும் ஒன்று. குரோகன் அரியணையில் ரீவ் என்ற முரட்டுப் பயல் உட்கார்ந்திருந்தான். முதல் பாகத்தில் கூட இருந்த ரெக்ஸ் உயிரோடு இருந்திருந்தால் அங்கே அவன்தான் இருந்திருப்பான், ஷெப்பர்டைக் கண்டதும் எழுந்து வந்து வரவேற்பான் என்று பையன் சொன்னான். உன் ஃபைலில் ரெக்ஸ் இல்லை. முதல் பாகத்தின் விர்மயர் கிரகத்தில் என்ன நடந்தது? பேசிப் பார்க்கப் புள்ளி போதவில்லையா, இல்லை வேறு ஏதாவதா? பரீட்சை நேரத்தில் ஒருநாள் சாப்பிடாமல் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தாயே, அது இதற்காகவா? நான் அன்று பிசிக்ஸ் மார்க் குறைந்ததற்கு என்று நினைத்து ஏதேதோ பேசினேன்.

மூன்றாம் பாகத்தைத் தேடவில்லை. கிறிஸ்துமஸுக்கு வரும்போது பார்ப்போம். உன் ஃபோல்டரில் கை வைக்கவில்லை, நகல் எடுத்துத்தான் ஆடினேன். வெளியே மழை கொஞ்சம் விட்டிருக்கிறது, வெட்டுக்காரர் கேட்டில் நின்று கூப்பிடுகிறார். அம்மா சக்கை வற்றல் போட்டு வைத்திருக்கிறாள், எட்மண்டனுக்கு யாராவது வந்தால் கொடுத்துவிடலாமா என்று கேட்கிறாள்.

உன் அப்பா