தங்க ஊர்களுக்குக் கடைசிப் பஸ் செப்டம்பரிலேயே புறப்படட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பார்பர்ட்டன், பில்கிரிம்ஸ் ரெஸ்ட், லெய்ட்ஸ்டார்ப் என்று தென்னாப்பிரிக்காவின் வடக்கேயுள்ள பழைய தங்க ஊர்களுக்கு டர்பனிலிருந்து பஸ் ஏற்பாடு செய்யும் சங்கங்களுக்கும் கோயில் குழுக்களுக்கும் ஒரு வேண்டுகோள். வருடத்தின் கடைசிப் பஸ்ஸை டிசம்பர் விடுமுறைக்குத் தள்ளாதீர்கள். செப்டம்பர் 24 மரபுரிமை நாளை ஒட்டிப் புறப்பட்டு, மாதம் முடிவதற்குள் திரும்பிவிடுங்கள்.

மழை இறங்கிவிட்டால் கிராஸ்காப், சேபி மலைச்சாலைகளில் மூடுபனி கட்டிக்கொள்ளும். எதிரே மரம் ஏற்றி வரும் லாரி கிட்டத்தில் வந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். கீழே லெய்ட்ஸ்டார்ப் பக்கத்து மண்சாலை சேறாகிப் பெரிய பஸ்ஸின் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். எல்லாவற்றையும்விட மலேரியா. அதன் காலம் செப்டம்பரில் தொடங்கி மே வரை. ஆனால் கொசு பெருகுவது மழைக்குப் பின்தான். 1890-இல் எழுந்த லெய்ட்ஸ்டார்ப்பில் தங்கம் தேடி வந்தவர்களை வாரிக்கொண்டு போனது இந்தக் காய்ச்சல்தான்.

மலேரியாக் கொசு அந்தியிலிருந்து விடியும்வரை கடிக்கும். ஆகவே பகலில் கீழே சுற்றலாம், இரவில் மேட்டில்தான் படுக்க வேண்டும். முதல் இரவு கரோலினா (1,600 மீட்டருக்கு மேல்), அடுத்த இரவுகள் கிராஸ்காப் (1,400 மீட்டருக்கு மேல்). பலர் முதல் நாளே பார்பர்ட்டனைத் தொட்டுவிடப் பார்க்கிறார்கள். அது தவறு. பஸ்ஸுக்கு மணிக்கு 100 கிலோமீட்டர்தான் உச்ச வேகம்; விடியற்காலை 4 மணிக்குக் கிளம்பினாலும் கரோலினாவுக்கு அப்பாலுள்ள மலை இறக்கத்தில் இருட்டிவிடக்கூடும், மாடுகள் சாலையில் நிற்கும். வழியில் நியூகாசிலில் கொஞ்சம் கூடுதலாக நிறுத்துங்கள். 1913 அக்டோபரில் அன்றைய டிரான்ஸ்வால் மாகாணத்திலிருந்து வந்த பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரை வேலைநிறுத்தத்துக்கு அழைத்த ஊர் அது. பிள்ளைகளுக்கு அதைச் சொல்லாமல் கடந்து போகக் கூடாது.

அறுபது பேர் பஸ் வேண்டாம். முப்பத்தைந்து இருக்கை, இரண்டு டிரைவர் போதும். கிராஸ்காப்பிலிருந்து லெய்ட்ஸ்டார்ப் போகக் கோவின்ஸ் கணவாயில் இறங்குவதானால், இறக்கம் தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். ரிடார்டர் (சக்கர பிரேக்கைத் தொடாமல் வேகத்தைக் குறைக்கும் கருவி) இருந்தால் அதையும் போட வேண்டும். பிரேக்கில் கால் வைத்தபடியே இறங்கினால் சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிரம் சூடேறி விரியும்; அதை உள்ளிருந்து அழுத்தும் ஷூ எட்டிப் பிடிக்காது, ஷூவின் மேலுள்ள உராய்வுப் பட்டையான லைனிங்கின் பிடியும் போய்விடும். அழுத்தி வேகத்தைக் குறைத்து, முழுதாக விட்டு, மறுபடி அழுத்துவதே முறை. கருகல் வாடை வந்தால் அகலமான இடத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து அரைமணி ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், சூட்டில் டிரம் வெடிப்பு விடும். லெய்ட்ஸ்டார்ப்பிலிருந்து மதியம் இரண்டு மணிக்குள் கிளம்பினால்தான் இருட்டுவதற்குள் மேடேற முடியும்.

1873-இல் தங்கம் கண்ட பில்கிரிம்ஸ் ரெஸ்ட்டில் மண் அரித்துக் காட்டும்போது நம் பெரியம்மாக்களை முன்னால் நிறுத்துங்கள். அரிசியில் கல் அரிக்கத் தெரிந்த கைக்குத் தங்கம் அரிக்க வரும். தட்டில் முக்கால் பங்குக்கு மேல் மண் போடக் கூடாது. தண்ணீருக்குள் அமிழ்த்திக் களிமண்ணைப் பிசைந்து கரைத்து, பெரிய கற்களைப் பொறுக்கி எறிந்துவிட்டுப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். தங்கம் தண்ணீரைப்போல் 19 மடங்கு கனம், சாதாரண மணல் இரண்டரை மடங்குக்குச் சற்று மேல். ஆட்ட ஆட்டத் தங்கம் அடியில் இறங்கும். பிறகுதான் தட்டைச் சாய்த்து மேல் மணலைக் கழுவ வேண்டும். முதலிலேயே சாய்ப்பவர்கள் தங்கத்தையும் ஆற்றோடு அனுப்பிவிடுகிறார்கள். களிமண் சரியாகக் கரையாவிட்டாலும் துகள் அதில் ஒட்டிக்கொண்டு போய்விடும். கிடைத்ததை அங்கேயே விட்டுவிடுங்கள்: உருக்கி வேலை செய்யாத தங்கத்தை அனுமதியின்றி வைத்திருப்பது 2005-ஆம் வருட விலையுயர்ந்த உலோகச் சட்டப்படி குற்றம். பாதையை விட்டு ஒருவரும் விலகக் கூடாது. பழைய சுரங்கக் குழிகளின் மேல் மூடிய பலகை உளுத்திருக்கும், புல் அதை மறைத்திருக்கும்.

புரட்டாசி விரதக்காரர்கள் பலர் வருவார்கள். நியூகாசில் தாண்டினால் சைவச் சாப்பாட்டை நம்ப முடியாது. முதல் நாளுக்குப் புளியோதரை, பிறகு தங்குமிடத்தில் சமைக்க அனுமதியை முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள்.

மாத்திரை பற்றி டாக்டரிடம் கேளுங்கள். டாக்ஸிசைக்ளின் என்றால் ஓரிரு நாள் முன்பே தொடங்கி, திரும்பியபின் நான்கு வாரம் தினமும் விழுங்க வேண்டும். வீடு வந்ததும் நிறுத்துவதுதான் வழக்கமான பிழை. திரும்பி ஒரு வாரத்திலோ, ஒரு மாதம் கழித்தோ காய்ச்சல் வந்தால் சளிக் காய்ச்சல் என்று படுத்துவிடாதீர்கள். டர்பன் டாக்டருக்கு நீங்கள் வடக்கே போய்வந்தது தெரியாது. அதை முதலில் சொல்லி, அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்க ஊர்ப் பஸ் வழிகாட்டிகள்,
சாட்ஸ்வர்த், டர்பன்