வசந்திக்கு, த்ரில்லர் விஷயமாக

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சௌக்கியம். மாப்பிள்ளைக்கு மாற்றல் உறுதியாகிவிட்டது, ஜூனில் கிளம்புகிறார்கள். கோமதி அக்கா முழங்கால் அறுவைக்கு ஒருவழியாகச் சம்மதித்துவிட்டாள். சம்மதிக்க வைத்தது யார் என்று உனக்கே தெரியும். மற்றதெல்லாம் நேரில்.

நான் இப்போது எழுத உட்கார்ந்தது உன் கடைசி நாலு வரிக்காக. "நீ அனுப்பிய த்ரில்லர் தொகுப்பில் மூணு பாகம் பார்த்தேன். பேயும் இல்லை, பிசாசும் இல்லை. தூக்கம்தான் வந்தது" என்று எழுதியிருக்கிறாய். படித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

முதல் வட்டைப் போட்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகத்தானே பார்த்தாய்? பார்த்திருப்பாய். வினாத்தாளில்கூட முதல் கேள்விக்கு விடை எழுதாமல் இரண்டாவதைத் தொட மாட்டாயே நீ! ஆனால் 'த்ரில்லர்' என்கிற இந்தப் பழைய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரை அப்படிப் பார்க்கக் கூடாது. இதைப் பற்றி யார் என்ன சொன்னாலும், அவர்கள் எங்கே தொடங்கினார்கள் என்று முதலில் கேட்க வேண்டும். முன்பகுதியோடு நிறுத்தியவர்கள் எல்லாம் உன்னைப் போலத்தான் சொல்கிறார்கள். நடுவிலிருந்து நுழைந்தவர்களோ அறுபது வருடம் கழித்தும் இதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

காரணம் இருக்கிறது. 1960 செப்டம்பரில் அமெரிக்காவில் என்பிசி தொலைக்காட்சி இதை ஒளிபரப்பத் தொடங்கியபோது, எடுத்தவர்களுக்கே எந்தப் பக்கம் போவது என்று தெளிவில்லை. ஆரம்ப வாரங்களில் பெரும்பாலும் குற்றக் கதைகள்தான். முதல் பாகத்தில் மனைவியோடு வாழும் ஓர் அதிகாரியை ஓர் இளம்பெண் துரத்துகிறாள். நன்றாக எடுத்திருக்கிறார்கள், ஆனால் அதற்கு போரிஸ் கார்லாஃப் எதற்கு? 1931 இல் ஃபிராங்கன்ஸ்டைன் படத்தில் அந்த உருவமாக வந்து உலகத்தையே நடுங்கவைத்த மனிதரை ஒவ்வொரு பாகத்தையும் அறிமுகம் செய்ய நிறுத்திவிட்டு, அலுவலகச் சிக்கலைக் காட்டினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? ஏமாந்துதான் போவார்கள். அந்த அளவில் உன் புகார் நியாயமானது, ஒப்புக்கொள்கிறேன்.

அப்புறம்தான் தயாரிப்பாளரை மாற்றினார்கள். வில்லியம் ஃபிரை திகில் கதைகளை எடுத்துக்கொண்டார், மேக்ஸ்வெல் ஷேன் குற்றக் கதைகளை. அதனால் ஒரே பெயரில் இரண்டு தொடர்கள் ஓடின என்றே சொல்லலாம். ஒரு வாரம் துப்பாக்கி, மறு வாரம் கல்லறை. மொத்தம் 67 பாகங்கள், 1962 இல் முடிந்துவிட்டது. இரண்டு பேர் இந்தத் தொடரைப் பற்றி நேர் எதிராகப் பேசினால் இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள், வேறு வேறு பாகங்களைப் பார்த்துவிட்டு.

திகில் நாவலாசிரியர் ஸ்டீபன் கிங்கின் கருத்து உனக்குத் தெரியுமா? திகில் கலையைப் பற்றி 1981 இல் அவர் ஒரு கட்டுரை நூல் எழுதினார். தொலைக்காட்சியில் வந்த திகில் தொடர்களிலேயே த்ரில்லருக்குத்தான் முதலிடம் என்கிற மாதிரி அதில் எழுதியிருக்கிறார். தொடர் தொடங்கியபோது அவருக்கு 12 வயது, சில நாட்களில் 13 ஆகப்போகிறது. பெரியவர்கள் தூங்கப் போகச் சொல்லும் நேரத்தில் இதைப் பார்த்த ஒரு தலைமுறையின் சாட்சி அது. நம்ம அண்ணன் மட்டும், அதே காலத்தில் வந்த ட்வைலைட் ஸோன் தொடருக்கு முன்னால் எதுவும் நிற்காது என்கிறார். நான் சண்டைக்குப் போகவில்லை, ஆனால் இரண்டையும் ஒரே தராசில் வைப்பது சரியில்லை. ட்வைலைட் ஸோன் பெரும்பாலும் அரை மணி நேரம். ஒரு யோசனை, கடைசியில் ஒரு திருப்பம், முடிந்தது. த்ரில்லர் ஒரு மணி நேரத் தொடர், விளம்பரம் போக ஐம்பது நிமிடம். அவ்வளவு நேரம் ஒரு திருப்பத்துக்காக மட்டும் யாரையும் உட்கார வைக்க முடியாது. அந்த வீட்டுக்குள்ளேயே குடிவைக்க வேண்டும்.

மெதுவாகப் போகிறது என்பதுதான் எல்லோரும் சொல்லும் குறை. எனக்கு அந்த மெதுதான் பிடித்திருக்கிறது. 'நரகத்துப் புறாக்கள்' பாகத்தை எடுத்துக்கொள். ராபர்ட் இ. ஹோவர்ட் எழுதிய கதை. அவர் இறந்த பிறகு 1938 இல் அச்சானது. அண்ணன் தம்பி இருவர், கார் சேற்றில் மாட்டிக்கொள்கிறது, பாழடைந்த மாளிகையில் இரவு தங்குகிறார்கள். மாடியிலிருந்து ஒரு முனகல் பாட்டு. அண்ணன் எழுந்து, தூக்கத்தில் நடப்பதுபோல படியேறிப் போகிறான். அவன் திரும்பி வரும் விதத்தை நான் சொல்ல மாட்டேன். வேறொரு படமாக இருந்தால் அந்தப் படிக்கட்டை மூன்று நொடியில் கடந்திருப்பார்கள். இங்கே ஒவ்வொரு படியும் தெரிகிறது, விளக்கு மங்குவது தெரிகிறது. வேண்டாம், ஏறாதே என்று நான் வாய்விட்டே சொல்லிவிட்டேன். அந்த ஊர் ஷெரீஃபும் நல்ல பாத்திரம். பையன் சொல்வதைக் கேட்டுச் சிரிக்காமல், நம்புகிற மாதிரியே கூட வருகிறார். அவர் நம்புவதைப் பார்க்கும்போது நமக்கு இன்னும் பயமாகிறது.

இசையையும் கவனி. அந்தப் பாகத்துக்கு மார்ட்டன் ஸ்டீவன்ஸ். வேறு பல பாகங்களுக்கு ஜெர்ரி கோல்ட்ஸ்மித், பின்னால் 'தி ஓமன்' படத்துக்காக ஆஸ்கர் வாங்கினாரே, அவர்தான். வாராவாரம் வந்துபோகும் தொலைக்காட்சித் தொடர் என்று நினைத்து யாரும் கையைச் சுருக்கிக்கொள்ளவில்லை.

சரி, எந்த வரிசையில் பார்க்க வேண்டும்? முதலில் 'தி சீட்டர்ஸ்'. ஒரு பழைய மூக்குக்கண்ணாடி கைமாறிக்கொண்டே போகிறது. போட்டுக்கொண்டால் எதிரே இருப்பவர் மனதுக்குள் நினைப்பது காதில் விழும். அதைப் போட்டவர்களுக்கு என்ன ஆகிறது என்பது ஒரு பக்கம். கடைசி ஆள் அதைப் போட்டுக்கொண்டு நிலைக்கண்ணாடி முன்னால் நிற்பது இன்னொரு பக்கம். பேய் ஒன்றுகூடத் தேவைப்படாத பயம் அது. அடுத்து 'தி ஹங்ரி கிளாஸ்', கண்ணாடியே மாட்டாத வீடு, வில்லியம் ஷாட்னர் நடித்தது. நீ அவரை 'ஸ்டார் ட்ரெக்' தொடரின் விண்கலத்தில்தான் பார்த்திருப்பாய். இது அதற்கு ஐந்தாறு வருடம் முன்பு. அதன் பிறகு 'தி கிரிம் ரீப்பர்', அதிலும் அவர்தான். ஓர் ஓவியம், அதில் மரண தேவன், கையிலிருக்கும் அரிவாளில் ரத்தம் கசிகிறது என்று ஒரு பேச்சு. புறாக்களை நாலாவதாக வைத்துக்கொள். பகலில் பார்க்காதே. கைப்பேசியை அடுத்த அறையில் வைத்துவிடு.

கார்லாஃபைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். தொடர் தொடங்கும்போது அவருக்கு 72 வயது. கதை நடக்கும் இடத்திலேயே வந்து நின்று, நடிகர்களின் பெயர்களைச் சொல்லி, இது த்ரில்லர்தான் என்று தன் பெயர் மேல் உறுதி சொல்வார். திரைப்பட இயக்குநர் ஹிட்ச்காக் தன் தொலைக்காட்சித் தொடரில் கேலி பேசுவார், விளம்பரதாரரையே கிண்டல் செய்வார். அது அவர் அழகு. கார்லாஃப் கேலி செய்வதில்லை. பயப்பட வந்திருக்கிற நம்மை மதிக்கிறார். நம் தாத்தா ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, உனக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் கதை பொல்லாதது என்று சொல்கிற மாதிரி இருக்கும். ஹிட்ச்காக் பொறாமைப்பட்டுத்தான் த்ரில்லரை நிறுத்த வைத்தார் என்று ரசிகர்களில் பலர் அடித்துப் பேசுகிறார்கள். இரண்டும் ஒரே ஸ்டுடியோவில் எடுத்தவை, த்ரில்லர் நின்ற அதே 1962 இல் ஹிட்ச்காக்கின் தொடர் ஒரு மணி நேரமாக நீண்டது என்பது உண்மைதான். அதை மட்டும் வைத்து ஒரு பெரிய கலைஞர் மேல் பழி போட எனக்கு மனம் வரவில்லை.

இப்போது நான் சொல்லப்போவதைக் கேட்டுக்கொள், விவாதம் வேண்டாம். 'தி இன்க்ரெடிபிள் டாக்டர் மார்க்கெசன்' என்று ஒரு பாகம், 1962 இல் வந்தது. கார்லாஃபே நடித்திருக்கிறார். மொத்தத் தொடரிலும் அதுதான் சிறந்தது என்று சொல்கிறவர்கள் நிறைய. எனக்கும் அப்படித்தான். கையில் காசில்லாத ஒரு தம்பதி மாமா வீட்டில் அடைக்கலம் கேட்கிறார்கள். இருக்கலாம், ஆனால் இரவில் அறையை விட்டு வெளியே வரக் கூடாது என்கிறார் அவர். கீழே தினமும் இரவு என்ன நடக்கிறதோ, அதுதான் கதை. இறந்தவர்களைப் போகவிடாமல் பிடித்து வைத்திருக்கிற வீடு அது.

வசந்தி, அதை நீ இப்போது பார்க்காதே. அம்மா போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. இரவில் அவர் அறைப் பக்கம் சத்தம் கேட்கிற மாதிரி இருக்கிறது என்று போன கடிதத்தில் நீ எழுதியதை நான் மறக்கவில்லை. அதற்கு நான் பதில் எழுதாமல் விட்டது என்ன எழுதுவதென்று தெரியாததால்தான். எங்கள் வீட்டிலும் அப்பா போன பிறகு வெகுநாள் அப்படித்தான் இருந்தது, அவர் இருமல் சத்தம்கூடக் கேட்கும். நான் யாரிடமும் சொல்லவில்லை. நீயாவது சொன்னாயே. தூக்கம் வராத இரவில் எந்த நேரமானாலும் கூப்பிடு, நான் எடுப்பேன். மார்க்கெசனை நீ இங்கே வரும்போது இரண்டு பேரும் சேர்ந்து பார்க்கலாம்.

முதல் நாலைப் பார்த்ததும் எழுது. பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்றே எழுது, ஆனால் எந்த இடத்தில் தூக்கம் வந்தது என்று சொல்லாமல் விட்டால் ஒத்துக்கொள்ள மாட்டேன். பிரபா அடுத்த வாரம் உன் பக்கம் வருகிறாளாம். அவள் கேட்டால் இரண்டாம் பருவத்து வட்டுகளைக் கொடுத்துவிடாதே, அவளிடம் போனது எதுவும் திரும்பி வராது.

அன்புடன்,
மங்கை